ராத்திரியில் அந்தக் கிணறு யாருடையது?

நான் ஓய்வு பெற்றுப் போகவில்லை. அந்த வயதும் எனக்கு இல்லை. திண்டுக்கல் கிளையிலிருந்து கோயம்புத்தூர் அலுவலகத்துக்கு மாற்றுகிறார்கள், அவ்வளவுதான். போவதற்கு முன்னால், புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவங்களை எழுதித் தரச் சொன்னார்கள். சொன்னவர்கள் எதை எதிர்பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். டீசலின் காலம் முடிகிறது, சூரியனின் காலம் பிறக்கிறது, நீங்கள் எல்லோரும் அதன் தூதர்கள் என்று இரண்டு பக்கம் எழுதினால் மகிழ்ச்சி அடைவார்கள். அதை ஃபிளெக்ஸ் அடிக்கிறவரே எழுதிவிடுவார். நான் எழுத உட்கார்ந்தது எரிச்சலில்.

போன வாரம் உங்களில் ஒருவர் காலையில் சோலார் பம்புக்குக் கிணறு சர்வே செய்யப் போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குள் திரும்பி வந்தார். "எல்லாம் ஓகே மேடம். ஓனர் சம்மதிச்சுட்டார், ஆழம் பார்த்தாச்சு, பக்கத்துல மரம் இல்ல, நிழல் விழாது" என்றார். கிணற்றில் வேறு யாருக்காவது பங்கு இருக்கிறதா என்று கேட்டேன். "அது ரெவின்யூ விஷயம் மேடம், நம்ம விஷயம் இல்லையே" என்றார். அந்த ஒரு பதிலுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். அவர் பெயரை எழுத மாட்டேன். அவருக்கே தெரியும்.

நம் கிளையில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. டவுனுக்குள் டீசல் பர்னர் வைத்துச் சமைக்கிற கடைகளுக்கும் பேக்கரிகளுக்கும் குழாய் வழியாக இயற்கை எரிவாயு கொடுப்பது ஒன்று. கிராமத்தில் டீசலில் ஓடும் ஆயில் இன்ஜினை எடுத்துவிட்டு சோலார் பம்பு வைப்பது மற்றொன்று. இரண்டில் டவுன் வேலை எவ்வளவோ சுலபம். டவுன்காரர்கள் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார்கள். பேகம்பூர் பக்கம் ஒரு பிரியாணிக் கடையில் எரிவாயு அடுப்பு பொருத்திய மறுநாளே கடைக்கார பாய் போன் செய்தார். "ஏம்மா, உன் அடுப்பு நல்லாத்தான் எரியுது. ஆனா சத்தமே இல்ல. டீசல் பர்னர் ஊதுற சத்தம் நின்னதுலேருந்து மாஸ்டருக்குத் தூக்கம் வருது. போய்ப் பார்த்தா அண்டாவுக்குப் பக்கத்துல கொறட்டை விடுறாரு. இதுக்கு என்ன வழி சொல்ற?" நான் ரேடியோ வாங்கி வைக்கச் சொன்னேன். வாங்கி வைத்தார். பிரச்சினை முடிந்தது.

கிராமத்தில் அப்படி இல்லை. "சரிம்மா, சரிம்மா" என்பார்கள். அவர்கள் எதற்குச் சரி என்றார்கள் என்பது பயிர் வாடும்போதுதான் தெரியும்.

வேடசந்தூர் சாலையில் ஒரு ஊர். அங்கே ஒரு கிணறு, அதில் இரண்டு பங்கு. ஒரு பங்கு செல்லையா என்ற பெரியவருக்கு. மற்றது அவருடைய தம்பிக்கு. தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார், பண்டிகைக்கு வருவார். அவருடைய நிலத்தைப் பார்த்துக்கொள்வது அவர் மனைவி பஞ்சவர்ணம். அவளும் சும்மா இல்லை. விடிந்ததும் ஊருக்குள் வரும் மில் வேனில் ஏறி நூல் மில்லுக்குப் போவாள், பொழுது சாயும்போது திரும்புவாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு விவசாயம்.

பங்குக் கிணற்றில் முறை என்று ஒன்று உண்டு. யார் எப்போது இறைக்கலாம் என்பதுதான் முறை. செல்லையாவின் அப்பா பாகம் பிரிக்கும்போது பகல் முறையைப் பெரியவனுக்கும் ராத்திரி முறையைச் சின்னவனுக்கும் கொடுத்தார். சின்னவன் அப்போது மில்லில் பகல் வேலை பார்த்ததால் அவனே ராத்திரியைக் கேட்டு வாங்கினான். பிறகு அவன் திருப்பூர் போனான், பஞ்சவர்ணம் மில்லுக்குப் போனாள், ராத்திரி முறை அவளுக்கும் அப்படியே பொருந்திவிட்டது. கிணற்று மேட்டில் பொதுவாக ஒரு ஆயில் இன்ஜின். அவரவர் முறைக்கு அவரவர் டீசல். புகை கக்கும், கத்தும், கை சுடும். ஆனால் அது பகல் எது ராத்திரி எது என்று பார்க்காது. மின் இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு எத்தனையோ வருடங்களாகக் காத்திருக்கிறார்கள்.

அந்தக் கிணற்றைச் சர்வே செய்தது எனக்கு முன்னால் இருந்தவர். அவர் போனது உச்சி வெயிலில். அந்த நேரத்தில் கிணற்றடியில் யார் இருப்பார்? பகல் முறைக்காரர்தான் இருப்பார். செல்லையா மோர் கொடுத்தார், கிணற்றைக் காட்டினார், கையெழுத்துப் போட்டார். பங்குதாரர் சம்மதம் வேண்டும் என்றதும் "அதுக்கென்ன, தம்பி பொண்டாட்டி போடுவா" என்றார். அவளும் மறுநாள் காலை மில் வேனில் ஏறுகிற அவசரத்தில் போட்டுவிட்டுப் போனாள். பம்பு வைத்தாயிற்று. நம் அலுவலகத்துக்குப் பழைய இன்ஜினை வண்டியில் ஏற்றுகிற படம் வேண்டுமே, அதனால் இன்ஜினையும் ஏற்றிப் படம் எடுத்து, பழைய இரும்புக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அப்போது பஞ்சவர்ணம் மில்லில் இருந்தாள்.

திறப்பு விழாவுக்கு நாள் குறித்த பிறகுதான் அந்தக் கிணறு என் பொறுப்புக்கு வந்தது. அதே வாரம் அலுவலகத்துக்கு ஒரு போன். "உங்க சோலார் ராத்திரி ஓட மாட்டேங்குது. ஆள அனுப்புங்க."

அலுவலகமே சிரித்தது. அன்று முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் யாராவது கிளம்பிப் போனார்களா? போகவில்லை. நான் ஸ்கூட்டியை எடுத்தேன்.

வேனிலிருந்து இறங்கிய பஞ்சவர்ணம் மில்லில் போடும் மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் என்னை நேராகத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள். சின்ன வெங்காயம் போட்டிருந்தாள். தாள் நுனியெல்லாம் பழுத்துத் தொங்கியது. மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது.

"பாரு தங்கச்சி, நல்லாப் பாரு. காய் பிடிக்கிற நேரம். இப்ப தண்ணி தவறுச்சுன்னா கோலிக்குண்டு மாதிரி நின்னுரும். எவனும் வாங்க மாட்டான்."

"அக்கா, சோலார் வெயில்லதான் ஓடும். பொழுது சாஞ்சா நின்னுரும்."

"அத எங்கிட்ட யாரு சொன்னா?"

"கையெழுத்து வாங்கும்போது சொல்லலையா?"

"டீசலே வேணாம், மோட்டார் அதுபாட்டுக்கு ஓடும்னாரு ஒங்க ஆளு. சோலார்னா எனக்குத் தெரியாதாக்கும்? அந்தா பஸ் ஸ்டாப்புல நிக்குதுல்ல பஞ்சாயத்து சோலார் லைட்டு. அது என்னைக்காச்சும் பகல்ல எரிஞ்சு பார்த்திருக்கியா? பொழுது சாஞ்சாத்தான் எரியும். அப்ப சோலார்னா ராத்திரிக்குன்னுதானே ஒருத்தி நெனப்பா? எம்முறைக்குத் தோதா ஒண்ணு வருதேன்னு சந்தோசமாப் போட்டேன் கையெழுத்த."

இங்கே நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரிப்பதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள். அந்த ஊருக்கு சோலார் என்று வந்து சேர்ந்த முதல் பொருள் ராத்திரியில் மட்டும் வேலை செய்வது. அதற்குள் பேட்டரி இருக்கிறது, நம் பம்புக்குள் இல்லை என்பதை யாரும் அவளிடம் சொல்லவில்லை. கண்ணால் பார்த்ததை வைத்து அவள் ஒழுங்காகத்தான் யோசித்திருக்கிறாள். ஒழுங்காக யோசிக்காதவர்கள் நம் அலுவலகத்தில் நாற்காலியில் இருந்தார்கள்.

அதோடு முடிந்தாலும் பரவாயில்லை. கிணற்றை எட்டிப் பார்த்தபோது எனக்கு இன்னொன்றும் புரிந்தது. அவள் இறைக்காததால் ராத்திரி ஊறுகிற தண்ணீர் அப்படியே நிற்கிறது. காலையில் வெயில் ஏறியதும் செல்லையாவின் பகல் முறை. பம்பு தானாக ஓடி அவ்வளவையும் அவர் தென்னைக்குக் கொண்டுபோய்விடுகிறது. அவளுக்கு நேரம் மட்டும் போகவில்லை, தண்ணீரே கைமாறிவிட்டது. யாரும் திருடவில்லை. நாம்தான் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்திருக்கிறோம்.

அன்றைக்கே நம் மேலாளரிடம் சொன்னேன்.

"ஃபங்ஷன் முடியட்டும் மாரீஸ்வரி, அப்புறம் பார்த்துக்கலாம்."

"அதுக்குள்ள வெங்காயம் போயிரும் சார்."

"வெங்காயத்துக்கும் நமக்கும் என்னம்மா சம்பந்தம்? படிச்ச பொண்ணு நீ. பெரிசா யோசி."

இந்தப் 'படிச்ச பொண்ணு' என்பதை நான் இரண்டு பக்கமும் கேட்டுச் சலித்தவள். தோட்டத்தில் நின்று பஞ்சவர்ணமும் அதையேதான் சொன்னாள்: "படிச்ச புள்ள நீ, ஒனக்குமா தெரியல?" என் அப்பா மண்டியில் மூட்டை இறக்குகிறவர், அம்மா தோல் பதனிடும் ஷாப்பில் தோலுக்கு உப்புப் போட்டவள். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது மட்டும் அல்ல, பள்ளிக்கூட வாசலைத் தாண்டியதே நான்தான் முதல் ஆள். அந்தப் பெருமை எனக்கு நிறைய உண்டு, அதை மறைக்கவும் மாட்டேன். ஆனால் படிப்பை எடுத்து யாருடைய வாயையாவது மூடுவதற்கு என்னை அனுப்பினால் எனக்குக் கோபம் வரும்.

விழா நாள் வந்தது. மதுரையிலிருந்து விருந்தினர்கள் கார்களில் கிளம்பிவிட்டதாகச் செய்தி. பணம் கொடுக்கிற நிறுவனத்தைச் சேர்ந்த ஒரு அம்மாவும் அவரோடு சிலரும். கிணற்று மேட்டில் ஷாமியானா, நாற்காலிகள், 'டீசல் இல்லாத கிணறு' என்று இரண்டு ஆள் உயரத்துக்கு ஃபிளெக்ஸ். கல்வெட்டு வைக்கப் பீடம் கட்டுவதற்கு ஒரு கொத்தனார், அவருக்கு மணலும் சிமெண்டு மூட்டைகளும். மேலாளர் வெள்ளைச் சட்டையில் அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தார்.

அப்போது ஒரு டிராக்டர் வந்தது. பின்னால் டிரெய்லரில் ஒரு ஆயில் இன்ஜின், அதன்மேல் கை வைத்தபடி பஞ்சவர்ணம். மில்லுக்கு லீவு போட்டுவிட்டு, பிறந்த வீட்டுக்குப் போய்த் தன் தம்பியிடமிருந்து இன்ஜினை வாங்கி வந்திருந்தாள். டிரெய்லரிலிருந்து இறங்கினாள். டிராக்டர்காரரும் அவளுமாக இன்ஜினை இறக்கினார்கள், குழாயைக் கிணற்றில் விட்டார்கள், ஹேண்டிலைச் சுற்றி அவளே ஸ்டார்ட் செய்தாள். கரும்புகை நேராக ஃபிளெக்ஸ் மேல் போனது.

செல்லையா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். "ஏய், எம்முறையில வந்து இன்ஜின் போடுறியா? பகல் யாருதுன்னு தெரியாது?"

"பகல் ஒங்களுது. நான் இல்லேங்கல. என் ராத்திரிய எங்க வச்சிருக்கீங்கன்னு சொல்லுங்க, நான் நிப்பாட்டுறேன்."

"ராத்திரி சூரியன் வராட்டி அதுக்கு நானாடி பொறுப்பு?"

"நீங்க பொறுப்பில்ல. வெள்ளச் சட்ட போட்டு நிக்காரே அவரு பொறுப்பு."

மேலாளர் என்னைப் பார்த்தார். அதற்குள் சோலார் பம்பும் இன்ஜினும் சேர்ந்து கிணற்றைக் குடித்துவிட்டன. முதலில் சோலார் மோட்டார் நின்றது. தண்ணீர் குறைந்தால் தானாக நிற்கும்படிதான் அமைத்திருக்கிறோம். கொஞ்ச நேரத்தில் இன்ஜினும் காற்றை இழுத்துத் திக்கித் திணறி நின்றது. எட்டிப் பார்த்தால் அடியில் சேறு. விருந்தினர் வந்து பட்டனை அமுக்கினால் ஒரு சொட்டு வராது.

மேலாளர் என்னிடம் ஓடி வந்தார். "பஞ்சாயத்துத் தலைவரக் கூப்பிடு. முடியாட்டி போலீசக் கூப்பிடு. அந்த இன்ஜின் அஞ்சு நிமிசத்துல இங்கேருந்து போகணும்."

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். இப்படி ஒரு நிமிடம் உங்கள் ஒவ்வொருவருக்கும் வரும். ஒரு பக்கம் சம்பளம் கொடுக்கிறவர் கத்துவார், ஒரு பக்கம் ஊர் கத்தும், எல்லோரும் உங்களை ஏதாவது செய் என்பார்கள். அப்போது செய்யக்கூடாத ஒன்று உண்டு. சத்தம் போடுகிறவரைப் பிரச்சினை என்று நினைத்துவிடக்கூடாது. சத்தம் கிணற்றிலிருந்து வந்தது. கிணறு ஊற நேரம் வேண்டும். எனக்கு முதலில் தேவைப்பட்டது அந்த நேரம்தான்.

"சார், அவங்களத் திண்டுக்கல்லுக்கே கூட்டிட்டுப் போங்க."

"என்னது?"

"பிரியாணி சாப்பிட வையுங்க. திண்டுக்கல் வரைக்கும் வந்துட்டு பிரியாணி சாப்பிடாமப் போனாங்கன்னா ஊருக்குத்தான் அவமானம். நிதானமாச் சாப்பிடட்டும். அதுக்குள்ள ஊத்து எடுத்துரும். இப்ப வந்தா வெறும் சேத்தத்தான் காட்டணும்."

அவருக்கு வேறு வழி இல்லை. போனை எடுத்துக்கொண்டு காரை நோக்கி ஓடினார். ஓடும்போதே "திரும்பி வரும்போது இன்ஜின் இருக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் ஓடினார்.

நான் செல்லையாவிடம் போனேன். அவர் பிடிவாதக்காரர், ஆனால் அநியாயக்காரர் இல்லை. நியாயம் பேசுகிறவர் என்று ஊரில் பெயர் வாங்கியவர், அந்தப் பெயரின் மேல் அவருக்கு ஆசையும் உண்டு. அவரிடம் சட்டம் பேசினால் வேலைக்கு ஆகாது.

"பெரியப்பா, முன்னாடியெல்லாம் நீங்க காலையில இன்ஜின் போடும்போது கிணத்துல தண்ணி எம்புட்டு கெடக்கும்?"

"அடியில கொஞ்சூண்டு கெடக்கும். ராத்திரி பூராம் அவ எறச்சுருவாளே."

"இப்ப?"

"இப்பவா? இப்பத்தான் ரெண்டு படி முங்குற அளவுக்கு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். கிணற்றைப் பார்த்தார். பிறகு தென்னையைப் பார்த்தார். அந்த வருடம் அவர் தென்னை அவ்வளவு பச்சையாக இருந்தது.

"சரி ஆத்தா, அது அவ தண்ணிதான்" என்றார் குரலைத் தாழ்த்தி. உடனே குரலை உயர்த்திக்கொண்டார். "அதுக்கு என்ன பண்ணச் சொல்ற? வெயில் ஏறுனதும் மொதத் தண்ணிய அவ எடுத்துக்கட்டும். நான் வேணாங்கல. எடுக்க அவ எங்க இருக்கா? அவ மில்லுல நிப்பா. மடைய நானா போயித் திருப்பி விடுறது, தம்பி பொண்டாட்டி காட்டுக்கு?"

அதுதான் உண்மையான முடிச்சு. தண்ணீரைக் கொடுக்க அவர் தயார். ஆனால் சூரியன் வருகிற நேரத்தில் அவள் வர முடியாது, அவள் வருகிற நேரத்தில் சூரியன் இருக்காது. மில் வேலையை விட்டுவிடச் சொல்லலாமா? அந்தச் சம்பளத்தில்தான் அவள் வெங்காயமே போடுகிறாள். பேட்டரி வைக்கலாமே என்று உங்களில் யாராவது கேட்பீர்கள். கிணற்று மோட்டாருக்குப் பேட்டரி வாங்குகிற விலையில் இன்னொரு கிணறே வெட்டலாம்.

நான் சுற்றிப் பார்த்தேன். கிணற்று மேட்டுக்கு அந்தப் பக்கம், அங்கே திராட்சைத் தோட்டம் இருந்த காலத்தில் கட்டிய பெரிய சிமெண்டுத் தொட்டி ஒன்று கிடந்தது. இரண்டு பக்கம் வெடிப்பு, உள்ளே எருக்கஞ்செடி முளைத்திருந்தது. ஆனால் அது மேட்டில் இருந்தது. அங்கிருந்து பஞ்சவர்ணத்தின் தோட்டம் பள்ளம். காலையில் முதல் தண்ணீர் தொட்டியில் நிறையட்டும், சாயங்காலம் அவள் வந்து திறந்துவிட்டால் தானாக ஓடும். யாரும் யாருக்கும் மடை திருப்ப வேண்டாம்.

நான் கொத்தனாரிடம் போனேன். அவர் பீடத்துக்கு நூல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பீடத்த விடுங்க. அந்தத் தொட்டிய வந்து பாருங்க."

அவர் தொட்டியையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "பீடத்துக்குத்தானம்மா கூலி பேசுனது? உங்க சார் வந்து கேட்டா?"

"நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"சொல்லுறதுக்கு என்ன, சொல்லிருவேன். சிமெண்டு ஒண்ணுதான், எதுல போட்டாலும் ஒட்டும். ஆனா இன்னைக்குப் பூசிட்டு இன்னைக்கே தண்ணி விடக்கூடாது. ரெண்டு நாள் ஆறணும்."

"ஆறட்டும்."

பஞ்சவர்ணம் இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் மகிழ்ச்சி எதுவும் தெரியவில்லை. "ரெண்டு நாளு. அதுவரைக்கும் வெங்காயம் ஒன் தொட்டியப் பார்த்துக்கிட்டு நிக்குமா?" என்றாள்.

கிணற்றில் மெல்ல ஊறிக்கொண்டிருந்தது. இன்று ஊறுகிற தண்ணீர் யாருக்கு? முறைப்படி அது பகல், செல்லையாவுக்கு. நான் அவரைப் பார்த்தேன். கேட்கவில்லை. கேட்டால் அவர் ஏதாவது ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கும், சொல்லிவிட்டால் அதில் நிற்க வேண்டியிருக்கும். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கி, தென்னைக்குப் போகிற மடையை அடைத்து, வெங்காயத்துக்குப் போகிற மடையை நானே வெட்டிவிட்டேன். விழாவுக்கென்று வாங்கிய புதுச் சுடிதார் முழங்கால் வரை சேறு. செல்லையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஷாமியானா பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவர் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளும்படி நின்றார்.

விருந்தினர்கள் பிரியாணி முடித்து, வெற்றிலை வாயோடு வந்து சேர்ந்தார்கள். அந்த அம்மா பட்டனை அமுக்கினார். தண்ணீர் வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தவர்கள் மூன்றே பேர். பஞ்சவர்ணம் விழாவை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு, மண்வெட்டியோடு தண்ணீர்கூடவே நடந்து போனாள், ஒவ்வொரு பாத்தியாக.

அதோடு விட்டிருந்தால் நானும் இன்றைக்கு ஒரு நல்ல பதவியில் இருந்திருப்பேன். அந்த அம்மா ஃபிளெக்ஸைப் படித்தார், பிறகு அதன் பக்கத்தில் இன்னும் சூடு ஆறாமல் நிற்கிற இன்ஜினைப் பார்த்தார்.

"இது என்ன?"

"பழைய இன்ஜின் மேடம்" என்றார் மேலாளர். "இப்ப எடுத்துட்டுப் போயிருவாங்க."

அவர் சொன்ன விதத்தில் அது முடிந்துபோன விஷயம். நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் இன்ஜினை அன்று ஏற்றி அனுப்பிவிட்டு, தொட்டி ஒழுகினாலோ நான்கு நாள் மூட்டம் போட்டாலோ, மறுபடி அந்தப் போன் வரும், மறுபடி அலுவலகம் சிரிக்கும்.

"இல்ல மேடம், அது எங்கயும் போகாது" என்றேன். "இந்தக் கிணத்துல பகல் ஒருத்தருக்கு, ராத்திரி இன்னொருத்தருக்கு. பகல்காரருக்கு நாங்க சோலார் கொடுத்துட்டோம். ராத்திரிக்காரங்களுக்கு இனிமேதான் கொடுக்கணும். தொட்டி ஆறி, அதுல தண்ணி நின்னு, அவங்களுக்குப் போதும்னு அவங்களே சொல்ற வரைக்கும் இன்ஜின் இங்கதான் இருக்கும்."

அந்த அம்மா மறுபடி ஃபிளெக்ஸைப் பார்த்தார். "அப்போ இந்த போர்டு தப்பா?" என்று கேட்டார்.

"பாதி சரி மேடம்."

அவர் தலையை ஆட்டினார். என்னைப் பாராட்டவில்லை. காரில் ஏறிப் போய்விட்டார். மேலாளர் பிறகு என்னை வாய்க்கு வந்தபடி திட்டினார், பீடம் எங்கே என்பதையும் சேர்த்துக் கேட்டார். அந்தக் கிணற்றின் படம் நம் நிறுவனத்தின் எந்தப் புத்தகத்திலும் வரவில்லை. அந்த வருடம் எனக்கு வரவேண்டிய உயர்வும் வரவில்லை. கிராம வேலையிலிருந்து எடுத்து நீண்ட நாள் டவுனில் எரிவாயுக் குழாய்க்குப் பின்னால் ஓடவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நிறைய வருத்தம்.

வெங்காயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். முழுவதும் பிழைக்கவில்லை. கிணற்றுக்குப் பக்கத்துப் பாத்திகள் தேறின. கடைசிப் பாத்திகளில் கோலிக்குண்டுதான். அடுத்த போகத்திலிருந்து ஒழுங்காக எடுக்கிறாள். காலையில் தொட்டி நிறைவதை இப்போது செல்லையாவே பார்த்து, நிறைந்ததும் குழாயைத் தன் பக்கம் மாற்றிக்கொள்கிறார். மடை திருப்ப மாட்டேன் என்றவர், குழாய் மாற்றுவது வேறு என்கிறார். இருக்கட்டும்.

ஆகையால் மத்தியானத்துக்குள் திரும்பி வந்த அந்தத் தம்பிக்குச் சொல்கிறேன். திரும்பிப் போங்கள். பொழுது சாய்ந்த பிறகு போங்கள். அந்த நேரத்தில் கிணற்றடிக்கு யார் வருகிறார் என்று நின்று பாருங்கள். ஓனர் யார் என்பது பட்டாவில் இருக்கிறது, அதற்கு நீங்கள் தேவையே இல்லை. ராத்திரி யாருடையது என்பது பட்டாவில் இல்லை. உங்களைப் படிக்க வைத்தவர்கள் அதைக் கேட்கத்தான் படிக்க வைத்தார்கள். கூச்சப்படாமல் கேளுங்கள்.

இனி அந்தப் பக்கம் உங்கள் பொறுப்பு. மழை மாதத்தில் பஞ்சவர்ணம் போன் செய்வாள், எந்த வருடமும் தவறியதில்லை. வணக்கம் எல்லாம் சொல்ல மாட்டாள். "மூட்டமா இருக்கு, தொட்டி நெறயல, இன்ஜின ஓட்டப் போறேன், ஒங்க ஆபீசுல சொல்லிரு" என்பாள். ஓட்டச் சொல்லுங்கள். யார் அனுமதி கொடுத்தது என்று மேலே கேட்டால், என் பெயரைச் சொல்லுங்கள்.